காற்று இழுக்கும் வாய்

பூனை பானட்டின் மேல் படுத்திருந்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, வண்டி நிற்கிற வீட்டில் பூனைக்கு அதுதான் கட்டில். ஆனால் ஐப்பசி மழை பிடித்து விருத்தாசலமே ஊறிக் கிடக்கிற நேரத்தில், சாய்ப்பின் தகரத்திலிருந்து சாரல் தெறிக்கிற இடத்தில், அடுப்படிக் கதகதப்பை விட்டுவிட்டு ஒரு பூனை இங்கே வந்து வயிற்றைப் பரப்பிக்கொண்டு கண் செருகிக் கிடக்குமா? நீலாவதி "ச்சூ" என்று அதை விரட்டினாள். அது எழுந்து போன இடத்தில் சும்மா கையை வைத்தாள். தகரம் சூடாக இருந்தது.

பூனையின் சூடுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு பூனை படுக்காத ஓரத்தில் கையை வைத்துப் பார்த்தாள். அங்கேயும் சூடு. மேலே விழுந்த சாரல் துளி கொஞ்ச நேரம் நின்று, ஓரம் சுருங்கி, காணாமல் போயிற்று. சேத்தியாத்தோப்பு வரைக்கும் லோடு ஏற்றிப் போய்த் திரும்பி வந்து நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. அந்த வண்டி கடைசியாக ஓடியது அவள் புருஷன் நல்லமுத்து செத்த அன்றைக்கு. அதற்கப்புறம் கருமாதி முடிந்து, சொந்தமெல்லாம் ஊர் திரும்பி, மகள் சண்முகப்ரியாவும் சிதம்பரத்து ஆஸ்டலுக்குப் போயாகிவிட்டது. வண்டியை யாரும் கிளப்பவில்லை.

எழுபதுகளில் வந்த டீசல் பிக்கப்பு. அவளுக்குத் தாலி கட்டுவதற்கு முன்பே அவர் அதைக் கட்டிக்கொண்டார். செராமிக் கம்பெனிகளிலிருந்து கப்பு, சாசர், பீஸ் கட்டை, பொம்மை என்று வைக்கோல் வைத்து அடுக்கி ஸ்ரீமுஷ்ணம், நல்லூர் என்று சுற்றிய வண்டி. நாலு சிலிண்டர், ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. இன்ஜினைப் பற்றி அவர் வீட்டில் பேசாத நாள் கிடையாது. "இதுக்குள்ள நெருப்புப் பொறியெல்லாம் கெடையாது நீலா. காத்த இழுத்து, இறுக்கி இறுக்கி, அந்தச் சூட்டுலதான் எரியுது. எழுப்பி வுடத்தான் பேட்டரி வேணும். எழுந்துடுச்சின்னா காத்துதான் இதுக்கு உசுரு" என்பார், சோற்றுக் கையோடு. மார்கழியில் ஹீட்டர் காயில் சிவக்கச் சிவக்கக் காத்திருந்து ஸ்டார்ட் செய்வார், தெரு முழுக்க வெள்ளைப் புகை. டீசல் தீர விட்டால் குழாயில் காற்று புகுந்துகொள்ளும், அப்புறம் கை பம்ப்பை அடித்து அடித்து ஒரு பகல் போகும். ஹெட் கேஸ்கெட் போனபோது ஆயிலும் தண்ணியும் கலந்து மோராக வந்தது. ரிங்கு தேய்ந்து ஆயில் குடித்தது. கடைசியாக ஸ்டாப் ஒயரும் அறுந்து, சாவியை எடுத்தாலும் நிற்காது என்று ஆனது. அவர் மட்டும் பானட்டைத் திறந்து, கையை எங்கேயோ விட்டு, எதையோ அழுத்தி நிறுத்துவார். "என் சக்களத்திக்கு ஒங்க கை பட்டாத்தான் தூக்கம் வருது போல" என்று நீலாவதி கேலி பேசுவாள். அவர் வெட்கப்படுவார். அந்த வெட்கத்துக்காகவே அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மத்தியானம் மெக்கானிக் ரசூல் வந்தான். வண்டியை உடைப்புக்குக் கொடுப்பதாகப் பேச்சு. மறுநாள் காலையில் கயிறு கட்டி இழுத்துப் போக வேண்டியதுதான் பாக்கி. நல்லமுத்துவிடம் தொழில் கற்காத குறையாக அந்த வண்டியோடு மல்லுக்கட்டியவன் அவன்.

"தொட்டுப் பாரு தம்பி."

ரசூல் பானட்டில் கையை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"வெயிலு எங்க அடிச்சிது?" என்றாள் நீலாவதி.

"இல்லக்கா... தகரமாச்சே, அப்படித்தான் இருக்கும்." அவன் முகம் அவன் சொன்னதை நம்பவில்லை. "பேட்டரி நம்ம கடையில கெடக்குது. டாங்குல இருந்த டீசல நான்தான் எறக்கினேன். இத யாரு எழுப்பறது?"

அவன் பானட்டைத் தூக்கினான். உள்ளேயிருந்து காய்ந்த ஆயில் வாசனை முகத்தில் அடித்தது. அவர் சட்டை வாசனை. துவைக்காமல் மடித்து வைத்திருந்த ஒரே சட்டையிலும் அந்த வாசனை போய்விட்டிருந்தது, இங்கே இருக்கிறது.

"அன்னிக்கி எந்தம்பி அர்ச்சுனன் சாக்க எந்த எடத்துல வெச்சி அடைச்சான்?" என்றாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா?"

"காட்டு."

காற்று வடிகட்டுகிற டப்பா அன்றைக்குக் கழற்றியது, திரும்ப மாட்டவில்லை. அது இருந்த இடத்தில் வட்டமாக, கறுப்பாக, ஒரு உள்ளங்கை மூடுகிற அளவுக்கு ஒரு ஓட்டை. விளிம்பில் சாக்கு நார் ஒட்டியிருந்தது.

"இதான் காத்து இழுக்கிற வாய். ரிங்கு தேஞ்ச வண்டி சில சமயம் தன் ஆயிலையே இழுத்துக் குடிச்சிட்டு ஓட ஆரம்பிச்சிடும்க்கா. டீசல நிறுத்தினாலும் நிக்காது. ஏறிக்கிட்டே போவும். வெடிக்கும், இல்லன்னா இறுகிப் போவும். அதுக்கு ஒரே வழி வாயப் பொத்தறதுதான். மூச்சு இல்லன்னா நின்னுதான ஆவணும்?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். தொழில்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், வண்டி மூச்சு வாங்குது, வண்டி இருமுது, வாயைப் பொத்து. ஆனால் நீலாவதிக்கு அந்த நாள் அப்படியே முன்னால் வந்து நின்றது.

சேத்தியாத்தோப்பில் லோடு இறக்கும்போதே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கூடப் போயிருந்த அவள் தம்பி அர்ச்சுனன் ஒரு டாக்டரைக் கூட்டி வந்து காட்டினான், டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். நிறுத்தத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்த அதே வண்டியின் பின்னால் வைக்கோல் மேல் படுக்க வைத்து, தார்ப்பாய் போர்த்திக் கொண்டு வந்தார்கள். வாசலில் வந்து நின்றபோதும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நீலாவதி மேலே ஏறித் தார்ப்பாயை விலக்கினாள். அவர் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பார்த்தாள். தன் இரண்டு கண்ணால் பார்த்தாள். "இருக்காரு, இருக்காரு" என்று கத்தினாள். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஊரிலேயே ஒப்பாரிக்குப் பேர்போன பூவாயி கிழவி கீழேயிருந்து, "அந்தச் சனியன நிறுத்துங்கடா, பொணத்துக்கு முன்னால ஒரு வார்த்த அழ முடியல" என்று கையை ஆட்டினாள். ஒப்பாரிக்கு இடம் விட வேண்டுமே. அர்ச்சுனன் சாக்கைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு முன்னால் ஓடினான். வண்டி ஒருமுறை திமிறிற்று. இருமிற்று. நின்றது.

அவர் நெஞ்சும் அப்போதுதான் நின்றது.

"ஏன்டா நிறுத்தின? ஏன்டா பாவி நிறுத்தின?" என்று அவள் தம்பியின் சட்டையைப் பிடித்ததைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பூவாயி அந்த வார்த்தையையே எடுத்து ஒப்பாரியில் கோத்துப் பாடினாள்.

"தம்பி, அன்னிக்கி அவரு நெஞ்சு ஏறி எறங்கினது வெறும் ஆட்டம்தானா?" என்று ரசூலைக் கேட்டாள்.

ரசூல் பானட்டை மெதுவாக இறக்கினான். "வண்டி ஆடுனா மேல இருக்கிறதெல்லாம் ஆடும்க்கா. கப்பு சாசரெல்லாம் தன்னால நடந்து ஓரத்துக்கு வந்துடும், அண்ணனே சொல்வாரு. அண்ணன் போயிட்டாரு. மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. காலையில ஆளோட வரேன்."

அவன் சைக்கிள் தெருமுனை திரும்புகிறவரைக்கும் நீலாவதி பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றுதான். அந்த மூச்சை அன்றைக்கு நிறுத்தாமல் இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். சாப்பிடும்போதும் அதுதான், படுக்கும்போதும் அதுதான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட்டு போயிற்று. அந்த வருஷம் கரண்ட்டு இருப்பதுதான் செய்தி. நீலாவதி சிம்னி விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்தாள். மழை தகரத்தின் மேல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. கம்பெனிப் பக்கம் சூளைகளில் வேலை நின்று, எப்போதும் இருக்கிற அந்த அடிச்சத்தம் இல்லாமல் தெரு வெறிச்சென்றிருந்தது. ஈரக் களிமண் வாசனை, மண்ணெண்ணெய் வாசனை, சுவரில் ஏறிய ஓதத்தின் வாசனை, இவற்றுக்கு நடுவில் வேறொரு வாசனை மெல்ல வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு அது என்ன என்று தெரிந்தது. ரெக்ஸின் சீட்டும் பீடியும் டீசலும் கலந்த வாசனை. அவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வருகிற வாசனை.

சாய்ப்புப் பக்கத்து ஜன்னலை அவள் பார்த்தாள்.

வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால், டேஷ்போர்டில், ஒரு சிவந்த புள்ளி தெரிந்தது. முதலில் மங்கலாக. பிறகு கொஞ்சம் ஆரஞ்சாக. ஹீட்டர் காயில் சூடேறுகிறது. மார்கழிக் காலையில் அவர் ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு, பல்லுக்குள் ஏதோ முனகிக்கொண்டு, அந்தப் புள்ளி நன்றாகச் சிவக்கிறவரைக்கும் பொறுமையாக உட்கார்ந்திருப்பாரே, அந்தப் பொறுமையோடு அது சிவந்தது. பேட்டரி ரசூல் கடையில் இருக்கிறது. நீலாவதி எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அணைந்துவிடுமோ என்று பயந்தாள். அணையாமல் இருந்தால் என்ன செய்வது என்றும் பயந்தாள்.

உள்ளே எதுவோ ஒரு சுற்று புரண்டது. இன்னொரு சுற்று. இருமல். அப்புறம் இன்ஜின் பற்றிக்கொண்டது.

ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சிம்னி விளக்கின் கண்ணாடி கிணுகிணுத்தது. கதவிடுக்கு வழியாக வெள்ளைப் புகை தரையோடு தரையாக வந்து அவள் கால் விரல்களைத் தொட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்குக் கண்ணீர் தானாக வந்தது. எத்தனை சாயங்காலம் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உலையை ஏற்றியிருப்பாள். செல்போனை எடுத்து டார்ச்சைப் போட்டுக்கொண்டு, பின்கதவைத் திறந்து சாய்ப்புக்குப் போனாள்.

டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. சாவி போடுகிற இடம் காலியாக இருந்தது. வெளிச்சத்தைப் பின்பக்கம் திருப்பினாள்.

தார்ப்பாய் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டம் இல்லை அது. ஆட்டம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், பக்கத்தில் தொங்கிய சங்கிலி ஆடிக்கொண்டிருந்தது, ஸ்டெப்னி ஆடிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் ஆடவில்லை. நிதானமாக உயர்ந்தது, நின்றது, தாழ்ந்தது. அடியில் ஒரு ஆள் நீளம். தலை இருக்க வேண்டிய இடத்தில் துணி உள்வாங்கி உள்வாங்கி வெளியே வந்தது.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு, தார்ப்பாயின் மேல் நெஞ்சு இருக்கிற இடத்தில் கையை வைத்தாள். சூடு. கை அதோடு ஏறிற்று, அதோடு இறங்கிற்று. விலக்கிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. விலக்கினால் போய்விடுமோ என்று விட்டுவிட்டாள். அப்படியே பேச ஆரம்பித்தாள். பிரியா ஆஸ்டலுக்குப் போயிட்டா, அழுவாம போனா, பஸ்ஸு ஏறின பொறவுதான் அழுதா. அர்ச்சுனன் வூட்டுப் பக்கம் வரதே இல்ல, நான் திட்டினத மனசுல வெச்சிக்கிட்டான். ஒங்க சக்களத்தியக் கொண்டுபோய் ஒடைக்கச் சொல்லிட்டேன், வையாதீங்க. காலையில ரசூல் வருவான், வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடறேன். வண்டி இங்கயே ஓடட்டும். யாரு கேட்டாலும் நிறுத்த வுட மாட்டேன். நான் சாவற வரைக்கும் ஓடட்டும். அன்னிக்கி அவனுங்க பண்ணது மாதிரி நான் பண்ண மாட்டேங்க.

தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அவர் மூச்சுதான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவள் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

அப்போதுதான் இன்ஜின் சத்தம் லேசாக ஏறிற்று. யாரோ ஆக்ஸிலேட்டரில் கால் வைத்த மாதிரி. பிறகு இன்னும் கொஞ்சம். வெள்ளையாக இருந்த புகை நீலமாக மாறிற்று, கண் எரிந்தது. நீல நிறப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். சத்தம் ஏறிற்று. தகரம் மழையை மறந்து வண்டியோடு சேர்ந்து அலறிற்று. அவள் கைக்குக் கீழே நெஞ்சு வேகமாக ஏறி இறங்கத் தொடங்கிற்று.

"மெதுவா," என்றாள். "மெதுவாங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

நிற்கவில்லை. மூச்சு இரைந்தது. ஓடி வந்தவன் இரைவது போல் முதலில். அப்புறம் மனிதன் இரைய முடியாத வேகத்தில். நெஞ்சுக் கூடு அவள் உள்ளங்கையில் மோதிற்று. ஏறிற்று. மோதிற்று. தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கை பலகையை அறைந்தது. இரண்டு கையும் அறைந்தன. குதிகால்கள் உதைத்தன. எலும்பு ஒன்று நெரிந்தது, இன்ஜின் சத்தத்துக்கு மேலே அவளுக்கு அது கேட்டது. பிறகு அவர் குரல். வார்த்தை இல்லை. பிரசவ வார்டில் கேட்கிற மாதிரி ஒரு சத்தம்.

தன்னையே குடித்துக்கொண்டு ஓடுகிறது. நிற்காது. ஏறிக்கொண்டே போகும். வெடிக்கும், இல்லை என்றால் இறுகிப் போகும்.

நீலாவதி முன்பக்கம் ஓடினாள். பானட்டைத் தூக்கினாள், விரல் பொசுங்கிற்று. அந்த வாய் திறந்திருந்தது. காற்றை இழுத்தது. அவள் கலைந்த மயிர் அதன் பக்கம் பறந்தது.

முடியவில்லை. நின்றாள். நான் பண்ண மாட்டேன் என்று இப்போதுதானே சொன்னாள்.

பின்னாலிருந்து அவர் கத்தினார்.

"என்னால முடியாதுங்க. நான் மாட்டேன்."

கத்தினார். பல் கடிபடுகிற சத்தம். தலை பலகையில் மோதுகிற சத்தம். மோதல். மோதல்.

துன்பப்படுகிறார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. எந்தப் பெண்டாட்டியாலும் முடியாது. சுற்றுமுற்றும் பார்த்தாள், சாக்கு இல்லை. கட்டியிருந்த வெங்காயக் கலர் நூல் சேலையின் முந்தானையைச் சுருட்டினாள். பந்தாக்கினாள். "என்ன மன்னிச்சிடுங்க" என்று சொல்லி அந்த வாய்க்குள் திணித்தாள். அது பிடுங்கிக்கொண்டது. அவளையே இழுத்தது. இடுப்புக் கொசுவம் தளர்ந்தது. காலை ஊன்றித் திமிறினாள். துணி தோளுக்குக் கீழே சர்ரென்று கிழிந்தது. கிழிந்த துண்டின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினாள். உடம்பு முழுவதையும் வைத்து அழுத்தினாள். வண்டி திமிறிற்று. இருமிற்று.

நின்றது.

மழைச் சத்தம் திரும்ப வந்தது. ஓரத்துத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டிற்று. நீலாவதி தூக்கிய பானட்டுக்குக் கீழே மட்கார்டின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். தம்பியைத் திட்டியதை நினைத்தாள். பாவம், அவனும் இப்படித்தான் கையை வைத்து அழுத்தியிருப்பான். "நிம்மதியாப் போங்க," என்றாள். "போயிட்டு வாங்க."

பின்பக்கம் சத்தம் கேட்டது.

ரொம்பச் சின்னச் சத்தம். மூக்கால் காற்றை இழுக்கப் பார்க்கிற சத்தம். இழுபடாத சத்தம்.

இன்ஜின் ஓடவில்லை. சங்கிலி ஆடவில்லை. ஸ்டெப்னி ஆடவில்லை. அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியில் விழுந்து கிடந்த செல்போனை எடுத்து வெளிச்சத்தைத் திருப்பினாள். தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்தாள். தூக்கினாள்.

அவர்தான். வைக்கோல் ஒட்டிய தலை. இரண்டு கண்ணும் திறந்திருந்தன. அவளைத்தான் பார்த்தன. கோபம் இல்லை அந்தக் கண்ணில், புரியாமல் பார்க்கிற பார்வை. கன்னம் இரண்டும் புடைத்திருந்தன. வாய் கிழிகிற அளவுக்குத் திறந்து, அதில் வெங்காயக் கலர் துணி திணிக்கப்பட்டிருந்தது. நெஞ்சு ஏறிற்று. காற்று கிடைக்காமல் இறங்கிற்று. மறுபடி ஏறிற்று.

நீலாவதி துணியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தாள். வரவில்லை. சேலையின் கரை அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.